ரெக்-இட் ரால்ஃப்: உடைக்கும் கைகளை என்ன செய்வது?

வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோஸ் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தை, பழைய வீடியோ கேம் பிரியர்களின் ஏக்கத்தைக் காசாக்க வந்த படம் என்று சொல்பவர்கள் உண்டு. 'உன்னை நீயே ஏற்றுக்கொள்' என்று குழந்தைகளுக்கு உபதேசம் செய்யும் எத்தனையோ படங்களில் இதுவும் ஒன்று என்று ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு வழக்கு இரண்டாம் கட்சியினரோடுதான். படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள்ளேயே அந்த உபதேசம் ஓர் எழுத்துக் குறையாமல் முழுமையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. சொல்லப்பட்டும் அது கதாநாயகனிடம் துளியும் பலிக்கவில்லை என்ற இடத்திலிருந்துதான் கதையே புறப்படுகிறது.

பேக்-மேன் விளையாட்டின் நடுவே பேய்கள் அடைபட்டிருக்கும் சின்னப் பெட்டி பலருக்கும் நினைவிருக்கும். வீடியோ கேம் கடை மூடியபின், பாத்திரங்கள் தங்கள் சொந்த வாழ்க்கைக்குத் திரும்பும் நேரத்தில், அந்தப் பெட்டிக்குள் வில்லன்களின் கூட்டம் ஒன்று நடக்கிறது. குடியை விட முயல்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டங்களின் அதே முறைதான். ஆரஞ்சு நிறப் பேயான கிளைட் கூட்டத்தை நடத்துகிறது. மாரியோவின் எதிரியான பவுசர், சோனிக்கின் எதிரியான டாக்டர் எக்மேன், ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சாங்கீஃப், எம். பைசன் என்று உண்மையான விளையாட்டுகளின் கெட்டவர்கள் அத்தனை பேரும் அடக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். இனி வில்லனாக இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்று ரால்ஃப் சொன்னதும் அந்த முரடர்கள் பதறிப்போகிறார்கள். முடிவில் அனைவரும் சேர்ந்து ஓர் உறுதிமொழியைச் சொல்கிறார்கள்: தான் கெட்டவன், அதில் குறையொன்றுமில்லை, ஒருநாளும் நல்லவனாக மாறப்போவதில்லை, அதுவும் தப்பில்லை, தன்னைத் தவிர வேறு எவராகவும் இருக்க ஆசையில்லை. சுயஏற்பு குறித்துப் படத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான் என்றால் இங்கேயே விளக்கைப் போட்டு அனுப்பிவிட்டிருக்கலாம்.

ரால்ஃபின் பிழைப்பைப் பார்த்தால் அந்த உறுதிமொழி ஏன் ஒட்டவில்லை என்பது விளங்கும். ஒன்பது அடி உயரம், ஏறக்குறைய 290 கிலோ எடை, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய கைகள். 'ஃபிக்ஸ்-இட் ஃபீலிக்ஸ் ஜூனியர்' என்ற கற்பனை விளையாட்டில் முப்பது ஆண்டுகளாக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை உடைப்பதுதான் அவன் வேலை. ஃபீலிக்ஸ் தங்கச் சுத்தியலால் அதைச் சரிசெய்து பதக்கம் வாங்கிக்கொள்வான். குடியிருப்பவர்கள் ரால்ஃபைக் கூரையிலிருந்து தூக்கிச் சேற்றில் எறிவார்கள். நிண்டெண்டோ 1981-இல் கொண்டுவந்த, குரங்கு வில்லனாக வரும் 'டாங்கி காங்' விளையாட்டின் சாயல் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் அந்தக் குரங்குக்கு இல்லாத ஒன்றை ரால்ஃபுக்குக் கதாசிரியர்கள் கொடுத்திருக்கிறார்கள்: வேலை முடிந்த பிறகான மாலைநேரம். விளக்கு அணைந்ததும் மற்றவர்கள் மாடிக்குப் போகிறார்கள். இவன் தன் கையால் உடைத்த செங்கற்குவியலில் போய்ப் படுக்கிறான். அந்தக் கட்டடம் எழும்பிய இடமே முதலில் இவன் குடியிருந்த காடு என்பதையும், இவன் வாழ்ந்த மரக்கட்டையோடு சேர்த்து இவனையும் புல்டோசர் குப்பைமேட்டுக்குத் தள்ளியது என்பதையும் விளையாட்டின் அறிமுகக் காட்சி ஒரு நொடியில் காட்டிவிட்டுக் கடந்துபோகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டிவிட்டு, பிறகு படம் அதைத் தொடவே இல்லை என்பது எனக்கு இன்றுவரை குறையாகவே படுகிறது.

ஆண்டுவிழாக் கேக்கைச் சுற்றி நடக்கும் சண்டை இந்தப் படத்தின் எழுத்துத் திறனுக்கு நல்ல சாட்சி. விளையாட்டின் முப்பதாம் ஆண்டு விருந்துக்கு அழைப்பில்லாமலேயே ரால்ஃப் வந்து நிற்கிறான். ஃபீலிக்ஸால் மறுக்க முடியவில்லை. கட்டடத்தின் வடிவிலேயே செய்த கேக்கின் உச்சியில் பதக்கத்தோடு ஃபீலிக்ஸின் பொம்மை நிற்க, ரால்ஃபின் பொம்மை அடியில் சாக்லேட் சேற்றில் கோபமுகத்தோடு கிடக்கிறது. அவன் தன் பொம்மையை எடுத்து மேலே வைக்கிறான். ஜீன் என்ற குட்டை மனிதர் அதை எடுத்துத் திரும்பச் சேற்றில் வைக்கிறார். அவன் மறுபடி எடுக்கிறான். இத்தனைக்கும் அவன் கேட்பது இனிப்பில் செய்த பொம்மைக்கு ஓரிடம் மட்டுமே. அவன் வெறும் கட்டடம் உடைக்கும் கெட்டவன் என்று ஜீன் அழுத்திச் சொல்ல, இல்லை என்று கத்திக்கொண்டே அவன் முஷ்டியை இறக்குகிறான். கேக் சிதறிச் சுவரெல்லாம் சதுரம் சதுரமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு மனிதனை நாள்தோறும் ஒரே பெயர் சொல்லி அழைத்தால் அவன் கோபப்படும்போதுகூட அந்தப் பெயரையே மெய்ப்பிக்க நேர்கிறது என்பதை வசனமாகச் சொல்லாமல், சிரிக்கச் சிரிக்கக் காட்சியாகவே செய்திருக்கிறார்கள். ஒரு பதக்கம் வென்று வந்தால் மேல்மாடி வீடே உனக்கு என்று ஜீன் வாய்விட, ரால்ஃப் அதை மெய்யென்று பிடித்துக்கொள்கிறான்.

பதக்கம் தேடி அவன் தன் விளையாட்டை விட்டு வெளியேறுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைப் படம் நன்றாகவே கட்டியெழுப்புகிறது. லிட்வாக் என்பவரின் கேம் பார்லரில் ஒவ்வொரு இயந்திரமும் ஓர் ஊர். எல்லா வயர்களும் வந்து சேரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் ரயில் நிலையம். பாத்திரங்களில் ஒருவர் வராமல் போனாலும் இயந்திரம் பழுது என்று தாள் ஒட்டப்படும். அடுத்த நாள் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அப்படிப் பிடுங்கப்பட்ட விளையாட்டின் பாத்திரங்கள் நிலையத்து நடைபாதையில் கையேந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே இந்த உலகத்தில் 'நான் யார்' என்ற கேள்வியை எவரும் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள முடியாது. ஒருவர் தன் வேடத்தைக் கழற்றினால் பக்கத்து வீட்டுக்காரரின் சோறு போய்விடும். அடையாளத்தைப் பற்றிப் பேசும் குடும்பப் படங்களில் பிழைப்பின் கணக்கை இவ்வளவு நேர்மையாக உள்ளே கொண்டுவந்தவை குறைவு.

'ஹீரோஸ் டியூட்டி' என்ற போர் விளையாட்டில் ரால்ஃப் ஒரு பதக்கத்தை எடுத்துக்கொள்கிறான்; அங்கிருந்த சை-பக் பூச்சி ஒன்றோடு தவறி 'சுகர் ரஷ்' என்ற மிட்டாய்க் கார்ப்பந்தய விளையாட்டுக்குள் போய் விழுந்து, பதக்கத்தை இழக்கிறான். படத்தின் பெரும்பகுதி அதற்குள்தான் நடக்கிறது. வெனலோப்பி வான் ஷ்வீட்ஸ் என்ற வாயாடிச் சிறுமி அங்கேதான் அறிமுகமாகிறாள். அவள் உருவம் திடீர் திடீரென்று நீலப் புள்ளிகளாகச் சிதறித் துடித்துக் கூடும்; அந்த ஊர்க்காரர்கள் அவளை ஒரு கிளிட்ச் என்று, நிரலில் நேர்ந்த பிழை என்று, விரட்டுகிறார்கள். அவள் பந்தயத்தில் ஓடினால் விளையாட வருபவர்கள் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், ஊரே அணைந்துபோகும், கிளிட்ச் என்பதால் அவளால் மட்டும் வெளியேறவும் முடியாது என்று மன்னன் கிங் கேண்டி காரணம் சொல்கிறான். காரணம் நியாயமாகவே ஒலிப்பதுதான் அதிலுள்ள நஞ்சு. உன் நன்மைக்காகத்தான் உன்னை ஒதுக்குகிறோம் என்ற குரலைப் பள்ளியிலோ உறவுக்கூட்டத்திலோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி சுருக்கென்று தைக்கும்.

எரிமலை போலத் தோன்றும் டயட் கோலா மலைக்குள், முழுமையடையாமல் கைவிடப்பட்ட பந்தயப் பாதை ஒன்றில்தான் அவள் ஒளிந்து வாழ்கிறாள். படுக்கப் பஞ்சணையில்லை, போர்த்திக்கொள்ள மிட்டாய் உறைகள். செங்கற்குவியலில் படுப்பவன் அதைப் பார்க்கிறான். இந்த இடத்தில் வசனகர்த்தாக்கள் காட்டியிருக்கும் அடக்கம் பாராட்டத்தக்கது. நீயும் என்னைப்போலத்தான் என்று ரால்ஃப் நீட்டி முழக்குவதில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அறிந்ததும் அவன் தரையை ஓங்கிக் குத்துகிறான், பாறைகளைப் பெயர்க்கிறான், பழகுவதற்கு ஒரு பாதை உருவாகிறது. முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவன் உடைத்தது ஒருத்திக்குப் பயன்படுகிறது. இருவரும் சேர்ந்து செய்த கோணலும் மாணலுமான மிட்டாய்க் காரைப் பார்த்து அவன் வெட்கப்பட, அவள் பூரித்துப்போகிறாள்.

அந்தக் காரை அவனே உடைக்கும் காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன். அவள் பந்தயத்தில் ஓடினால் அழிந்துபோவாள் என்று கிங் கேண்டி ரால்ஃபை நம்பவைத்து, அவன் இழந்த பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அதே நேரம் வெனலோப்பி, தான் கையால் செய்த பிஸ்கட் பதக்கம் ஒன்றை அவன் கழுத்தில் போடுகிறாள். நீதான் என் ஹீரோ என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரே கழுத்துக்கு இரண்டு பதக்கங்கள். அவன் அவளை மரத்தில் மாட்டி நிறுத்திவிட்டு, அவள் கதறக் கதறக் காரை நொறுக்குகிறான். அவளைக் காப்பாற்றுவதாக மனதார நம்பித்தான் செய்கிறான். சாரா சில்வர்மேனின் குரல் அங்கே குறும்பையெல்லாம் உதறிவிட்டு ஒரு குழந்தையின் குரலாக ஆகிவிடுகிறது. நீ உண்மையிலேயே கெட்டவன்தான் என்று அவள் சொல்லும்போது, ஊரே முப்பது வருடம் சொன்னதைவிட அது அவனுக்குக் கனமாக விழுகிறது. அனிமேஷன் படங்களில் நடிகர்கள் தனித்தனியாகவே பேசிப் பதிவு செய்வது வழக்கம். இதில் சில்வர்மேனும் ரால்ஃபுக்குக் குரல் கொடுத்த ஜான் சி. ரைலியும் பல காட்சிகளைச் சேர்ந்து பேசிப் பதிவு செய்தார்கள். அந்தப் பலன் இந்தக் காட்சியில் காதுக்கே தெரிகிறது.

பதக்கத்தோடு ஊர் திரும்பினால் ஊரில் ஆளில்லை. விளையாட்டு பழுது என்று தாள் ஒட்டியாகிவிட்டது. விடிந்தால் ப்ளக் போய்விடும். ஜீன் மட்டும் இருந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, மேல்மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். காலி வீடு. அவன் பதக்கத்தைக் கழற்றித் திரையை நோக்கி வீசுகிறான். அது பட்டு வெளியே ஒட்டியிருந்த தாள் ஒருபக்கம் நழுவ, எதிர்வரிசையில் நிற்கும் சுகர் ரஷ் இயந்திரத்தின் பக்கவாட்டில் வெனலோப்பியின் பெரிய படம் தெரிகிறது. பிழை என்று விரட்டப்பட்டவள் அந்த விளையாட்டின் முகப்பிலேயே இருப்பதெப்படி? ஒரு துப்பறியும் கதைக்குரிய இந்தத் திருப்பத்தை, வென்ற பதக்கத்தின் பயனின்மையோடு முடிச்சுப்போட்ட சாமர்த்தியம் சாதாரணமானதல்ல. இயக்குநர் ரிச் மூர் தொலைக்காட்சி அனிமேஷனில் பல ஆண்டுகள் பழகியவர். ஃபில் ஜான்ஸ்டனோடு திரைக்கதை எழுதிய ஜெனிஃபர் லீ அடுத்த ஆண்டே 'ஃப்ரோஸன்' படத்தை எழுதி, இணைந்து இயக்கியவர். இந்த இடத்தில் இவர்களின் கைவேலை தெரிகிறது.

சிறைக்காட்சி சின்னதுதான், ஆனால் நான் மிகவும் ரசித்தது. ரால்ஃபைத் தேடி சுகர் ரஷ்ஷுக்கு வந்து கிங் கேண்டியின் சிறையில் அடைபட்ட ஃபீலிக்ஸ், கம்பியைச் சுத்தியலால் அடித்து உடைக்கப் பார்க்கிறான். அடிக்க அடிக்கக் கம்பி இன்னும் பருத்துப் பலப்படுகிறது. தொட்டதெல்லாம் சரியாகிவிடும் கை அவனுக்கு அங்கே சாபம். ரால்ஃப் வந்து ஒரே குத்தில் சுவரைப் பெயர்க்கிறான். அப்போது ஃபீலிக்ஸ் கொதிக்கிறான்: ஒதுக்கப்பட்டு, குற்றவாளிபோல நடத்தப்படுவது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறான். அது தன் அன்றாட வாழ்க்கை என்று ரால்ஃப் பதில் சொல்கிறான். நல்லவனாகப் பிறந்தவன் தன் நல்லதன்மை தன் உழைப்பால் வந்ததல்ல என்று உணர்வதற்கு ஒரு சிறைக்கம்பி தேவைப்பட்டது. சிதைந்த காரை அடுத்து அதே சுத்தியல் சரிசெய்கிறது.

கிங் கேண்டியின் உண்மை முகம் டர்போ. அவனும் பழைய விளையாட்டு ஒன்றின் நாயகன். பக்கத்தில் புது இயந்திரம் வந்து குழந்தைகள் அங்கே போனதும் பொறாமையில் அதற்குள் புகுந்து, இரண்டு விளையாட்டுகளுமே பிடுங்கப்படக் காரணமானவன். பிறகு சுகர் ரஷ்ஷுக்குள் புகுந்து வெனலோப்பியின் நிரலை அழிக்கப் பார்த்து, அவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டான். நிரல் அறையின் கதவைத் திறக்க அவன் அழுத்துவது பழைய ஆட்டக்காரர்கள் அறிந்த ரகசியப் பொத்தான் வரிசையான கொனாமி கோடு, நகைச்சுவைக்காக வைத்ததுதான். ரால்ஃபுக்கும் இவனுக்கும் நோய் ஒன்றேதான்: தனக்கு விதித்த இடம் போதாமை. ஒருவன் பதக்கம் கேட்டுப் போனான், இன்னொருவன் அடுத்தவரின் முகத்தையே எடுத்துக்கொண்டான். தான் தின்பதாகவே மாறிவிடும் சை-பக் பூச்சி கடைசியில் இவனை விழுங்கி இவனாகவே ஆவது, வேடம் மாற்றி வாழ்ந்தவனுக்குக் கதாசிரியர்கள் எழுதிய கச்சிதமான கணக்குத்தீர்ப்பு. கிங் கேண்டிக்குக் குரல் கொடுத்த ஆலன் டுடிக், 1951-இல் வந்த டிஸ்னியின் 'ஆலிஸ்' படத்தில் பைத்தியத் தொப்பிக்காரருக்குக் குரல் கொடுத்த எட் வின்னின் தோரணையில் பேசியிருப்பது அந்தக் கோமாளித்தனத்தின் அடியில் ஒரு குளிரை வைக்கிறது.

பெருகிவிட்ட சை-பக் பூச்சிகள் ஊரை மூடும்போது ரால்ஃப் செய்வது அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான். மலையுச்சியில் தொங்கும் மென்டோஸ் பாறைகளைக் கீழேயுள்ள கோலாவில் தள்ளினால் அது பீறிட்டெழும், அந்த ஒளியை நோக்கிப் பூச்சிகள் பாய்ந்து மடியும் என்பது அவன் கணக்கு. சொந்த விளையாட்டுக்கு வெளியே செத்தால் மறுபிறப்பு இல்லை என்பது நமக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. பிஸ்கட் பதக்கத்தைப் பற்றிக்கொண்டு, முஷ்டியை நீட்டி விழுந்துகொண்டே, பேக்-மேன் பெட்டிக்குள் கேட்ட உறுதிமொழியைச் சொல்கிறான். சொல் மாறவில்லை. ஆனால் கூட்டத்தில் அது தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன வாய்ப்பாடு. இங்கே ஒரு சிறுமிக்காகத் தன் கைகளைப் பயன்படுத்துகிறவனின் வாயில் வருகிறது. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் பயிற்சியால் அவன் தன்னை ஏற்கவில்லை; அந்தக் கைகளால் ஒருவருக்கு ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது என்று கண்டதால் ஏற்றான். அவனைக் காப்பாற்றப் பாய்ந்து வருபவளும் தன் 'பிழை'யைக் கொண்டுதான், புள்ளிகளாகச் சிதறிக் கூடித்தான், மலைக்குள் நுழைகிறாள்.

இனி என் குறைகள். வெனலோப்பியின் கார் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் விளையாட்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அவள் இளஞ்சிவப்புக் கவுனில் இளவரசியாக நிற்கிறாள். பிறவியிலேயே அவள் ஊனமில்லாதவள், அரசகுலத்தவள், எவனோ கெடுத்ததால்தான் பிழையானாள் என்று இது சொல்வதாகிறது. உண்மையிலேயே பிழையாகப் பிறந்தவளாக இருந்தால் இந்த ஊர் அவளை ஏற்றிருக்குமா என்ற கேள்வியைப் படம் தந்திரமாகத் தவிர்த்துவிடுகிறது. கவுனைக் கழற்றியெறிந்து, மன்னராட்சியே வேண்டாம், நான் குடியரசுத் தலைவர் என்று அவள் அறிவிப்பதும், சிதறித் துடிக்கும் அந்தத் தன்மையைப் பந்தயத்தில் தன் பலமாக வைத்துக்கொள்வதும் இந்தச் சறுக்கலை ஓரளவு சரிக்கட்டுகின்றன. ஆனால் அவள் காரை உடைத்துச் சேற்றில் தள்ளிய மற்றப் பந்தயக்காரர்கள், அவள் இளவரசி என்று தெரிந்த மறுநொடியே மன்னிப்புக் கேட்பது எனக்கு உறுத்துகிறது. அதிகாரத்தில் இருப்பவளிடம் கேட்கும் மன்னிப்புக்கு என்ன மதிப்பு?

ரால்ஃபின் ஊர்க்காரர்கள் மனம் மாறுவதும் இப்படித்தான். அவன் இல்லாவிட்டால் விளையாட்டு நிற்கும் என்று தெரிந்தபின்தான் அவனுக்கு மரியாதை வருகிறது. வேலைக்காரர் ஒருநாள் வராவிட்டால் அவர் அருமை தெரியும் வீட்டுக்காரரின் நன்றி அது, அன்பு வேறு. முடிவில் அவன் இன்னமும் கட்டடத்தை உடைக்கிறான், இன்னமும் கூரையிலிருந்து எறியப்படுகிறான். விதித்த வேலையை மறுபேச்சின்றிச் செய் என்று படம் சொல்வதாகச் சிலர் குற்றம் சாட்டலாம். அதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி, விளையாட்டை இழந்து நிலையத்தில் கையேந்தியவர்களை அவன் தன் விளையாட்டுக்குள் அழைத்துவந்து வேலை தருவதில் இருக்கிறது. வேடம் மாறவில்லை, ஊர் மாறியிருக்கிறது.

காட்சியமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். ஃபீலிக்ஸின் ஊர் சதுரங்களாலும், 'ஹீரோஸ் டியூட்டி' போர் விளையாட்டு முக்கோணங்களாலும், சுகர் ரஷ் வட்டங்களாலும் ஆனவை. அடுக்குமாடிவாசிகள் பழைய எட்டு-பிட் பொம்மைகளைப்போல வெட்டி வெட்டி, நேர்கோட்டில் நகர்கிறார்கள்; வழவழப்பாக அசையவைப்பதையே வாழ்நாள் பயிற்சியாகக் கொண்ட கலைஞர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. போர் விளையாட்டின் சார்ஜென்ட் கல்ஹூனுக்கு நிரலிலேயே ஒரு சோகக் கதை எழுதப்பட்டிருப்பது, திருமண நாளில் மாப்பிள்ளையைப் பூச்சி விழுங்கிவிடுவது, நகைச்சுவையாகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் யாரோ எழுதிவைத்த நினைவு, நடக்கவே நடக்காத ஒன்று, அவளை உண்மையிலேயே வலிக்கச் செய்கிறது. ஜேன் லிஞ்சின் கரகரத்த குரல் அதைக் கேலியாக்காமல் காப்பாற்றுகிறது.

மிட்டாய் உலகத்துக்குள் நுழைந்தபின் கடைப்பொருள்களின் பெயர்களை வைத்துச் செய்யும் வேடிக்கைகள் அளவுக்கு மீறுகின்றன. ஓரியோ பிஸ்கட்டுகள் அரண்மனைக் காவலர்களாக அணிவகுப்பதைப் பார்த்து ஒருமுறை சிரிக்கலாம். வெனலோப்பியின் கழிவறை நகைச்சுவையும் பெரியவர்களுக்குச் சலிக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவர்களுக்காக எழுதியதுதான் அது. முதல் பாதியில் பல விளையாட்டுகளில் சுற்றிவிட்டு, பிறகு ஒரே ஊரில் தங்கிவிட்டதாகக் குறைப்பட்டவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தங்கலில்தான் கதை வேர்விட்டது. டர்போ பூச்சியுடலோடு தோன்றும் கடைசிப் பகுதி ஐந்து வயதுக்குட்பட்டவர்களை மிரட்டும், பெற்றோர் பக்கத்தில் இருப்பது நல்லது.

அவ்வாண்டின் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆனி விருது இதற்குக் கிடைத்தது. ஆஸ்கர் 'பிரேவ்' படத்துக்குப் போயிற்று. நான் நடுவராக இருந்திருந்தால் தயங்காமல் மாற்றிக் கொடுத்திருப்பேன். 2018-இல் வந்த இரண்டாம் பாகம் இணையத்துக்குள் போகிறது. அதில் வெனலோப்பி தன் ஊரைவிட்டு வேறு விளையாட்டுக்குக் குடிபோக விரும்ப, ஒரே நட்பில் தன் மதிப்பு முழுவதையும் வைத்துவிட்ட ரால்ஃபின் பயம் ஆயிரக்கணக்கான பிரதிகளாகப் பெருகி நகரத்தை விழுங்குகிறது. முதல் பாகம் விட்டுவைத்த ஓட்டையை அது சரியாகவே கண்டுபிடித்தது. ஒருத்தியின் கண்ணில் ஹீரோ என்பதை நம்பி நிற்பவன், அவள் போய்விட்டால் என்ன ஆவான்? ஆனால் நிறுவனத்தின் சொந்த இளவரசிகளையும் சொந்தச் சரக்குகளையும் வரிசைகட்டி நிறுத்தும் அவசரத்தில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. முதலில் வந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கேட்டால் மட்டும் இரண்டாவதைப் போடுங்கள்.